தொங்கும் வாரும் பலகை வாரும்

பழைய சலூன் நாற்காலியின் கைப்பிடியில் தொங்கிய தோல் வாரையும், பெங்களூரு வைட்ஃபீல்ட் அடுக்ககம் ஒன்றின் குளியலறை அலமாரியில் கிடக்கும் பலகை வாரையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே வேலைக்கு வாங்கியவை என்று சட்டெனத் தோன்றாது. முதலாவது ஒன்றரை அடிக்குக் குறையாத நீளம், இரண்டரை அங்குல அகலம். பின்னால் ஒரு கித்தான் பட்டை, நுனியில் பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி. பல வருஷம் பழகியதென்றால் கறுத்துப்போய் நடுப்பகுதி மட்டும் வழவழவென்று மின்னும். இரண்டாவது ஓர் அடி நீளப் பலகை. ஒரு முகத்தில் வெறும் தோல், மறுமுகத்தில் பச்சைப் பசை தடவிய தோல், இரண்டும் மரத்தோடு ஒட்டியிருக்கும். சவரக்கத்தியின் வாயை நேர்ப்படுத்துவதுதான் இரண்டுக்கும் வேலை. பராமரிப்பு என்று வந்தால் இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டைத்தான் நீட்டுகிறார்கள்: தினமும் உள்ளங்கையால் தேய், அவ்வப்போது எண்ணெய் போடு. அந்தச் சீட்டு சலூன்காரரின் வாருக்கு எழுதியது. பலகை வாருக்கு அதில் பாதி உதவாது, மீதி கெடுதல்.

கல்லில் தீட்டி எடுத்த கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். ஒரு தடவை தாடியில் ஓடிய பிறகு நுனி அங்கங்கே மடங்கியும் இருக்கும். அதைச் சரிசெய்யத்தான் வார். கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னே வர, தோலின் மேல் படுக்கவைத்து இழுப்பார்கள். கடைசியில் முதுகின் மேலேயே புரட்டி, அதே போல் திரும்ப இழுத்து வருவார்கள். புரட்டும்போது வாய்ப் பக்கமாகத் திருப்பினால் தோலில் வெட்டு விழும். கித்தானில் இருபது முப்பது தடவை, தோலில் நாற்பது ஐம்பது தடவை என்பது பொதுவான கணக்கு. கத்தி தோலை லேசாகப் பற்றிக்கொண்டு வருவது கைக்குத் தெரியும். அந்தத் தடையை இழுவை என்று சொல்கிறேன். வாரைப் பேணுவதெல்லாம் இந்த இழுவைக்காகத்தான். தோல் பளபளப்பதும் மணப்பதும் இரண்டாம் பட்சம். வறண்ட தோலில் கத்தி வழுக்கி ஓடும், சரசரவென்று சத்தம் வரும். எண்ணெய் மிஞ்சிய தோலில் கத்தி அமுங்கும், சத்தம் அடங்கிவிடும். பதமான தோலில் அடக்கமாக ஓர் ‘உஸ்’ கேட்கும். காதையும் மணிக்கட்டையும் நம்பினால் போதும், கண்ணை நம்பினால் ஏமாறுவோம்.

சலூன் வாரின் கதை நம் ஊரில் பெரும்பாலும் வார் இல்லாமலேயே ஆரம்பிக்கிறது. அடப்பம் என்ற சவரப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன கிராமத்துச் சவரத் தொழிலாளி, சின்னத் தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கத்தியைத் தன் உள்ளங்கையிலேயே மாற்றி மாற்றிப் புரட்டிக்கொள்வார். கூலி அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லாகக் கிடைத்தது. நாற்காலி, கண்ணாடி, கொக்கி, கித்தானும் தோலும் சேர்ந்த வார் என்ற ஏற்பாடெல்லாம் ஷெஃபீல்ட், சோலிங்கன் கத்திகளோடு நகரத்துச் சலூனுக்கு வந்தவை. தோலைப் பதனிட்டவரையும் அந்தத் தோலில் கத்தி தீட்டியவரையும் ஊர் தன் ஓரத்திலேயே உட்காரவைத்தது. இன்று அதே தோலும் கத்தியும் அழகான அட்டைப்பெட்டியில், ஆண்களுக்கான பரிசுப் பொருளாக வீட்டு வாசலுக்கு வருவதைப் பார்க்கும்போது எனக்கு முழுசாகச் சந்தோஷப்பட முடிவதில்லை.

வைட்ஃபீல்டுக்கு இந்தக் கத்தி புதிதல்ல. 1882-ல் டி. எஸ். ஒயிட்டின் முயற்சியால், மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த 3,900 ஏக்கரில் ஆங்கிலோ-இந்தியர்களுக்கென்று அமைந்த குடியிருப்பு இது. ஜில்லெட்டின் கழற்றி மாட்டும் பிளேடு 1903-ல்தான் அமெரிக்காவிலேயே விற்பனைக்கு வந்தது. ஆகவே அங்குள்ள இன்னர் சர்க்கிள் தெரு வீடுகளில் குடியேறிய முதல் தலைமுறைக்குச் சவரம் என்றாலே மடக்குக் கத்திதான். பிளேடு வந்த பிறகும் சலூன்களில் கத்தியும் வாரும் வெகுகாலம் நீடித்தன. அவை மறையப் பெரிய காரணம் ஒரு நோய். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு ஆளுக்கு ஒரு புது பிளேடு என்ற பிரசாரம் சலூன் சலூனாகப் போய்ச் சேர்ந்தது. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டும் கத்தி வந்தது, அதற்குத் தீட்டல் வேண்டாம். நல்ல மாற்றம்தான். கத்தியையாவது கொதிக்கும் நீரில் போடலாம், தோலைப் போட முடியாது. பொதுச் சலூனுக்கு வார் திரும்பி வரவேண்டும் என்று யாராவது ஏங்கினால் அந்தக் கட்சியில் நான் இல்லை.

ஒரு கத்தியை ஒருவரே வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு அந்த ஆட்சேபம் கிடையாது. வைட்ஃபீல்டின் மென்பொருள்காரர்களில் சிலர் ‘ஸ்கைஃபால்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு நடக்கும் சவரக் காட்சியைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். சிலர் பிளாஸ்டிக் ரேசர் குப்பை சேருவது பிடிக்காதவர்கள். காலை ஒன்பது மணிப் போக்குவரத்தில் மாட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் கையை நிதானமாக ஓட்டினால் மனசு அடங்குகிறது என்பவர்களும் உண்டு. இவர்கள் பலகை வாரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: வாடகை வீட்டு டைல்ஸில் துளை போட ஓனர் விடமாட்டார். தொங்கும் வாரைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க இடது கைக்குப் பழக்கம் வேண்டும், பலகைக்கு அது வேண்டாம். ஆரம்பக்காரருக்குப் பலகையே நல்லது என்பதுதான் என் கட்சியும். ஆனால் அதை வாங்கியதோடு ஒரு பழைய சலூனின் பழக்கங்களையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைப்பதில்தான் சிக்கல்.

முதலில் தோலைப் பார்ப்போம். வைட்ஃபீல்ட் ரயில் நிலையம் இருக்கிற தடத்தில்தான் தமிழ்நாட்டுத் தோல் ஊர்களும் இருக்கின்றன. பெங்களூரு கண்டோன்மென்டையும் ஜோலார்பேட்டையையும் 1864-ல் இணைத்த பாதை அது. ஜோலார்பேட்டையைத் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர், இன்னும் கிழக்கே ராணிப்பேட்டை வட்டாரம். அங்கே இன்று பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல், காலணிக்கான சரக்கு. அந்தக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் சொன்ன தீர்ப்பே சாட்சி. அதற்கு முந்தைய தென்னிந்திய முறை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடுவது. ஆவாரைக்குப் பதில் பின்னாளில் வாட்டில் மரப்பட்டை வந்தது. ‘ஈ.ஐ. லெதர்’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போன அந்தச் சரக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பட்டைத் தோல் கெட்டியானது, இழைகள் நெருங்கியிருக்கும், இழுத்தால் அதிகம் நீளாது, தேய்க்கத் தேய்க்க மேல்முகம் இறுகி மெருகேறும். எண்ணெயை மடமடவென்று குடிக்கும். குரோம் தோல் துவளும், ரப்பர்த்தனமாக நீளும், நீருக்கு அஞ்சாது. இதில் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் குரோம் பதனிடுதலைச் சோதித்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் மனத்தில் வைத்திருந்த பொருள்களில் ஒன்று கவலை இறைக்கும் தோல் சால். கிணற்று நீரில் நாளெல்லாம் ஊறி அழுகாத தோல் வேண்டியிருந்தது. அவர் பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநராகப் பெங்களூருக்கே வந்தார். சென்னையில் குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயர் வந்தது 1912-ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்.

கிணற்றுச் சாலுக்குப் பொருந்திய குணம் தொங்கும் வாருக்குப் பொருந்தாது. இழுத்துப் பிடித்தாலும் குரோம் தோல் கத்தியின் கீழே தொய்ந்து, வாயைச் சுற்றிக்கொண்டு மேலேறும். நாளடைவில் வாய் உருண்டுபோகும். எனவே தொங்கும் வாருக்குப் பட்டைத் தோலே சரி. கான்பூரில் குதிரைச் சேணத்துக்கென்று செய்யும் கனத்த எருமைத் தோலும் நன்றாக ஒத்துழைக்கும். பலகையில் கதை வேறு. அங்கே தோலை மரம் பிடித்திருக்கிறது, நீள இடமில்லை. பசை தடவும் முகத்துக்கு மெல்லிய குரோம் தோல், அதிலும் உட்புறம் தெரிய ஒட்டிய மெத்தென்ற தோல், தாராளமாகப் போதும். குரோம் தோலுக்குத் தொழிற்சாலையிலேயே கொழுப்பைக் கரைத்து ஊட்டிவிடுகிறார்கள். வீட்டில் அதற்கு எதுவும் போட வேண்டியதில்லை. ஆக, ‘தோல் என்றால் எண்ணெய்’ என்ற விதி இந்த இடத்திலேயே உடைகிறது. பழைய இடுப்பு பெல்ட்டில் தீட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைப் பெல்ட்டின் மேலே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கத்தி படுவது தோலின் மேல் அல்ல.

இனி உள்ளங்கை. தீட்டுவதற்கு முன்னும் பின்னும் வாரைக் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், கையின் இயற்கை எண்ணெய் தோலுக்குள் இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. உடம்பில் அது இல்லாத இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். அங்கே சுரப்பது வியர்வை. அப்படியானால் சலூன்காரரின் வார் எப்படிக் கறுத்து மெருகேறியது? அவர் நாள் முழுக்கப் பிடித்தது எண்ணெய் தடவிய தலைகளை. முடி வெட்டுவதற்கு முன் தலையைத் தொட்ட கை, சவரம் முடித்து முகத்தை நீவிவிட்ட கை, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மசாஜ் செய்த கை அது. அந்தக் கையால் வாரை நாலு தடவை நீவினால், ஊராரின் தேங்காயெண்ணெயும் முகப் பிசுக்கும் சோப்பு நுரையின் மிச்சமும் அணு அணுவாகத் தோலுக்குப் போய்ச் சேரும். ஒரு நாளைக்குப் பத்து முகம், முகத்துக்கு ஐம்பது இழுப்பு. சூடு, அழுத்தம், மிகச் சிறிய அளவில் கொழுப்பு, இடைவிடாமல். அந்த வாருக்குத் தனியாக எண்ணெய் போட நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

வைட்ஃபீல்ட் அடுக்ககத்துக் கை எது? காலையில் சோப்பு போட்டுக் கழுவி, விசைப்பலகையில் எட்டு மணி நேரம் உலர்ந்து, நடுவில் நாலு தடவை சானிடைசர் பூசிய கை. அதிலிருந்து தோலுக்குப் போவது உப்பும் ஈரமும். எனினும் தேய்ப்பது வீண் என்று சொல்லமாட்டேன். வேகமாகத் தேய்க்கும்போது எழும் சூட்டில், தோலுக்குள் ஏற்கெனவே இருக்கிற கொழுப்பு இளகி மேலே வரும். இழுவை உடனே மாறுவதைக் கையே சொல்லும். ஆனால் உள்ளே இருப்பதைச் செலவழிக்கிறோம், வரவு இல்லை. வரவு வேண்டுமென்றால் நெற்றியையும் மூக்கின் பக்கங்களையும் உள்ளங்கையால் ஒரு தடவை நன்றாக வழித்துவிட்டு அப்புறம் வாரைத் தேயுங்கள். எண்ணெய்ச் சுரப்பி நெருக்கமாக இருக்கும் இடம் அது. கேட்பதற்கு அருவருப்பாக இருக்கலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தக் களிம்பையும் விட அளவு தவறாத வைத்தியம் அதுதான், பலகையின் வெறும் தோல் முகத்துக்குக் கூட.

எண்ணெய் டப்பாவை எடுக்கும் ஆசை வாரத்துக்கு ஒரு தடவை வரும், அடக்க வேண்டும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து உருக்கி எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் மேலைநாட்டுச் சேணக்காரர்களின் வழக்கம். இணையத்தில் இங்கும் கிடைக்கிறது. வறண்டுபோன தொங்கும் வாருக்கு, வருஷத்துக்கு ஒரு முறை, ஐந்தாறு சொட்டு. அதையும் தோலின் மேல் விடக்கூடாது. துணியில் விட்டு, துணி முழுக்கப் பரவிய பிறகு, மேல்முகத்தில் துடைப்பது போல் ஓட்டி, ஒரு நாள் தொங்கவிட வேண்டும். மறுநாள் மறுபடி வறண்டு தெரிந்தால் மட்டும் இன்னொரு தடவை. தொங்கும் வாருக்கு இது பொருந்துவதற்குக் காரணம், அது வளைகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்கின்றன. அவற்றுக்கு நடுவே கொழுப்பு வற்றினால் தோல் விறைத்து மேல்முகம் கோடு கோடாக வெடிக்கும். வாரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய வெளிர்கோடுகள் தோன்றி, விட்டதும் மறைந்தால் பயமில்லை. விட்ட பிறகும் நின்றால் எண்ணெய்க்கு நேரம் வந்துவிட்டது.

பலகைத் தோல் வளைவதில்லை. வெடிக்கும் வாய்ப்பும் குறைவு, எண்ணெயின் தேவையும் குறைவு. போட்டாலோ, அடியில் போன எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. தோலை மரத்தோடு ஒட்டிய பசையைத் தேடிப் போகும். முதலில் ஓரம் தூக்கும், பிறகு நடுவில் ஒரு கொப்புளம் எழும். கத்தி அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கும்போது வாய் ஒரே இடத்தில் தேயும். இதை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். மார்ச் மாதத்தில் பலகை வறண்டு வெளுத்துப்போயிற்று என்று தாராளமாக எண்ணெய் வார்த்திருக்கிறார். ஜூன் மாதம் தோலின் ஒரு மூலையை நகத்தால் தூக்கி மரத்தைப் பார்க்க முடிந்தது. பழுப்பான பிசின், அதன் மேல் இன்னும் காயாத எண்ணெய்ப் பிசுபிசுப்பு. தோலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் கொடுமை.

நம் வீட்டு எண்ணெய்களைப் பற்றித் தமிழர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசுக்காகும், தோலுக்கு வேண்டாம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உறைவது. சென்னையில் அது வருஷம் முழுக்கத் திரவம் என்றே நினைத்திருப்போம். டிசம்பரில் வைட்ஃபீல்டுக்கு வந்தால் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க முடிகிறது. தோலுக்குள் போனதும் அப்படியே உறைந்து, மேலே வெள்ளைத் தூளாகப் பூத்து வரும். விளக்கெண்ணெய் காயாது, உறையாது, நாற்றமும் எடுக்காது. கெட்டியாக இருப்பதால் மெதுவாக இறங்கும். வீட்டில் இருப்பதில்தான் தேட வேண்டும் என்றால், தொங்கும் வாருக்கு மட்டும், ஓரிரு சொட்டு விளக்கெண்ணெய் என்பேன். பலகைக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம்.

சோப்பு நுரை போட்டு வாரைப் பழக்கும் முறை அமெரிக்கச் சலூன்களில் இருந்தது. 1893-ல் சிகாகோவில் மோலர் என்பவர் ஆரம்பித்தது முதல் சவரப் பள்ளி. அந்த வகைப் பாடங்களில், புது வாரை நுரைக்கல்லால் லேசாகத் தேய்த்து, கெட்டியான நுரையைத் தடவி, வழவழப்பான பாட்டிலால் அழுத்தி உருட்டித் தோலுக்குள் ஏற்றச் சொல்வார்கள். புது தொங்கும் வாருக்கு இது இன்றும் நல்ல யோசனை, ஓரிரு முறை செய்தால். வழக்கமாக்கினால் கெடுதல். பட்டைத் தோல் புளிப்புத்தன்மை உள்ளது, சோப்பு காரம், இரண்டும் ஒத்துப்போகாது. வைட்ஃபீல்டில் இன்னொரு தொல்லை, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரும் டேங்கர் நீரும் கடினநீர். சோப்பு அதோடு சேர்ந்து கரையாத சுண்ணாம்புப் பிசுக்காகத் திரியும். பக்கெட் விளிம்பில் ஒட்டுகிற அதே வெள்ளைப் படலம் தோலின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். செய்வதானால் ஆர்.ஓ. தண்ணீரில் நுரை எழுப்புங்கள். பலகையில் நுரை கூடவே கூடாது. மரம் ஈரம் குடித்து வளையும்.

பருவத்தைச் சொல்லாமல் பெங்களூருத் தோலைப் பற்றிப் பேச முடியாது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர். மார்ச் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும், உதடு வெடிக்கும் நாட்கள். ஜூனுக்கு மேல் நிலைமை தலைகீழ், துணி காயாது. சென்னைத் தோலுக்கு வறட்சி பெரிய பயமில்லை. வைட்ஃபீல்ட் தோலுக்கு இரண்டும் உண்டு. தொங்கும் வாருக்கு இரு பக்கமும் காற்று கிடைப்பதால் மழைக்காலத்தைத் தாண்டிவிடும், கோடையில் வாடும். பலகை வார் கோடையில் தாக்குப்பிடிக்கும், மழைக்காலத்தில் மூடிய குளியலறை அலமாரிக்குள் பூசணம் பிடிக்கும். எனவே எதுவானாலும் குளியலறையை விட்டுப் படுக்கையறைக்கோ கூடத்துக்கோ கொண்டுபோங்கள். தோலின் மேல் வெள்ளையாக எதையாவது பார்த்ததும் பூசணம் என்று முடிவுகட்ட வேண்டாம். முடி உலர்த்தியின் சூட்டைத் தூரத்தில் காட்டுங்கள். உருகி மறைந்தால் அது உள்ளிருந்து பூத்த கொழுப்பு, துணியால் தேய்த்தால் போதும். மறையாமல் நின்றால் பூசணம்தான். வெளியில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட வேண்டும்.

தூசி பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, வைட்ஃபீல்டில் அதுதான் முதல் எதிரி என்று நினைக்கிறேன். ஏதாவது ஒரு கட்டடம் எழும்பாத தெரு இங்கே இல்லை. கருங்கல் அறுக்கும் தூளும் எம்-சாண்டும் ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். அதில் உள்ள படிகக்கல் துகள் கத்தியின் எஃகை விடக் கடினம். ஒரே ஒரு துகள் தோலில் பதிந்திருந்தாலும், முதல் இழுப்பிலேயே வாயில் பல் விழும். அதைச் சரிசெய்யக் கல்லுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தோல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணெயைக் குறைக்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம். தொங்கும் வாருக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். பலகைக்கு அதன் மூடியோ பழைய வேட்டித் துண்டோ போதும். தீட்டுவதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தடவை நீவுவதன் உண்மையான பயன் இங்கேதான். கண்ணுக்குத் தெரியாத மணல் தோலுக்குத் தெரியும், கைத் தோலுக்கு.

தீட்டும் பசையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை நிறத்தது குரோமியம் ஆக்சைடு, அரை மைக்ரான் அளவுத் துகள், மெழுகில் குழைத்தது. அது தோலின் வேலையைச் செய்யாது, நுண்ணிய கல்லின் வேலையைச் செய்யும். பலகையின் ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய கோடுகளாகப் போட்டுத் தேய்த்தால் பல மாதம் வரும். தொங்கும் வாரில் பசை தடவுவது எனக்கு உடன்பாடில்லை. அதன் வளைவோடு பசையின் அரைப்பும் சேர்ந்தால் வாய் சீக்கிரம் மழுங்கும். ஒரு தடவை ஏறிய பசையைத் தோலிலிருந்து முழுதாக எடுக்கவும் முடியாது. சோலிங்கன் கம்பெனிகள் விற்கிற மஞ்சள் நிறக் குழாய் மட்டும் விதிவிலக்கு. அது அரைக்கும் பசை அல்ல, தோலுக்கான கொழுப்பு. நிறம் தெரியாமல் வாங்கி மாற்றித் தடவிவிடாதீர்கள்.

வெட்டு விழுவதைத் தவிர்க்க முடியாது, ஆரம்ப மாதங்களில் கத்தியைப் புரட்டும் அவசரத்தில் எல்லோரும் வாரை வெட்டியே தீருவார்கள். தொங்கும் வாரில் சிறு கீறலென்றால் 600 எண் உப்புத்தாளால் தடவிச் சமன்செய்யலாம். செதில் போல் தோல் எழும்பியிருந்தால், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தீக்குச்சியால் அடியில் தொட்டுவைத்து அழுத்த வேண்டும். பஞ்சர் சொல்யூஷன் காய்ந்தாலும் இளகியிருக்கும், வாரோடு சேர்ந்து வளையும். ஓரத்தில் ஆழமாக அறுந்தால் அந்த வாரின் கதை முடிந்தது, இழுத்துப் பிடிக்கும்போது அங்கேயே கிழியும். பலகைக்கு இந்தப் பயமே இல்லை. கண்ணாடி மேசை மேல் உப்புத்தாளை விரித்து, பலகையைக் கவிழ்த்து நாலு இழுப்பு இழுத்தால் மேல்முகம் புதிதாகும். இந்த ஓர் இடத்தில் பலகை வார் சலூன் வாரைத் தெளிவாக ஜெயிக்கிறது.

அறுந்த தொங்கும் வாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நடுவில் வெட்டில்லாத ஓர் அடித் துண்டை நறுக்கி, அடிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சமமான தேக்குப் பலகையில் ஃபெவிகால் தடவி, மேலே புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி வைத்தால் அதுவே பலகை வார். பல வருஷம் மெருகேறிய பட்டைத் தோலை விட நல்ல பலகைத் தோல் கடையில் கிடைக்காது. ஒட்டுவதற்கு முந்தின நாள் மட்டும் ஒரு சோதனை: துண்டைச் செய்தித்தாளில் குப்புறப் போட்டு அம்மிக்குழவியோ அரிசி மூட்டையோ ஏற்றிவையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் எந்தப் பசையும் அதைப் பிடிக்காது. செருப்பின் உள்ளட்டையாக வெட்டிக்கொள்ளலாம்.